தக்ளி இருக்க ட்விஸ்டர் எதுக்கு, பேராண்டி?

வா, குந்து. கொரியர்காரன் குடுத்துட்டுப் போன பெட்டியை உன் பாட்டி பிரிச்சுப் பாத்துட்டா. உள்ள குட்டிக் கத்தரி, இடுக்கி, கொக்கி, பித்தளைக் குண்டு, பிளாஸ்டிக் பொட்டலத்துல கொஞ்சம் முடி. "புள்ள சலூன் வைக்கப் போவுதா, இல்ல பல்லு புடுங்கக் கத்துக்குதா"ன்னு என்னைக் கேக்குறா. நான்தான் சமாதானம் சொன்னேன்: "அதெல்லாம் இல்லடி, மெப்ஸ் ஏத்துமதி வளாகத்துல வேலை பாக்குற புள்ள, சனிக்கிழமை ஆனா மீனை ஏமாத்தப் போவுது. மீன் ஏமாறுறதுக்கு முன்னாடி கடைக்காரன் ஒரு கை பாத்துட்டான், அவ்ளோதான்."

கோவிச்சுக்காதே. நீ எடுத்திருக்கிறது நல்ல வேலைதான். தூண்டி முள்ளு மேல நூலைச் சுத்தி, முடியும் இறகும் வச்சுக் கட்டி, தண்ணிக்குள்ள போனா உசுருள்ள பூச்சின்னு மீன் நம்புற மாதிரி ஒண்ணைப் பண்றது லேசுப்பட்ட வித்தை இல்ல. நாங்க முடிச்சூர் ஏரியில தூண்டி போட்ட காலத்துல எருக்குழியைக் கிளறினா மண்புழு, மயிலிறகுத் தண்டை நறுக்கினா தக்கை, மூங்கில் கழி ஒண்ணு, முடிஞ்சுது கணக்கு. நீ சாமானுக்கே ஒரு மாசச் சம்பளத்துல கை வச்சிருக்க. பரவாயில்ல, கல்யாணம் ஆவுற வரைக்கும் சம்பளம் உன்னுதுதான்.

நேத்து சாயங்காலம் மொட்டை மாடியில நீ படுற பாட்டைத் துணி எடுக்க வந்தவன் மாதிரி நின்னு பாத்துகினுதான் இருந்தேன். வைஸ்ங்கிற இடுக்கியில முள்ளை மாட்டினது சரி. நூல் சுத்தினது சரி. அந்த வளையம் போட்ட பிற்பாடுதான் உன் மூஞ்சி மாறிச்சு. முடியை வச்ச, முறுக்கின, பாதி முடி பறந்து பக்கத்து வீட்டு வத்தல் மேல போய் ஒக்காந்துச்சு. மீதிப் பாதி உன் மீசையில. முள்ளுல இருந்தது வெறும் நூல்.

அந்த வளையம் எதுக்குன்னு முதல்ல ஒழுங்கா புரிஞ்சுக்க. ஒத்தை நூல்ல முடியை விரலால உருட்டி ஒட்டிச் சுத்துறது ஒரு வழி. மெல்லிசா, வழவழன்னு ஒடம்பு வேணும்னா அதுவே போதும். ஆனா முரட்டு முடி அதுல நிக்காது, உருட்ட உருட்டக் கையை விட்டு நழுவும். அதுக்குத்தான் வளையம். நூலை ஒரு சாண் அளவு கீழ இழுத்து, திரும்ப முள்ளுக்கே கொண்டாந்து கட்டினா ரெண்டு காலா தொங்கும். அந்த ரெண்டு காலுக்கு நடுவுல முடியைக் குறுக்கால பரப்பி, அடியில ஒரு கனத்தை மாட்டி முறுக்கினா, ரெண்டு நூலும் சேந்து முடியைக் கவ்விப் புடிச்சுக்கும். நடுவுல நூல், சுத்திலும் துருத்திகினு நிக்கிற முடி, கம்பளிப்பூச்சி கணக்கா ஒரு கயிறு கெடைக்கும். அந்தக் கயிறை முள்ளுத் தண்டு மேல சுத்தினா ஒடம்பு ரெடி. இதுல மாயம் மந்திரம் ஒண்ணும் இல்ல.

அடியில மாட்டுற அந்தக் கனத்துக்குத்தான் ட்விஸ்டர்னு பேர் வச்சு, பளபளன்னு டப்பாவுல போட்டு உன் தலையில கட்டியிருக்கான். மேல கொக்கி, கீழ ஒரு குண்டு, நடுவுல ஒரு கம்பி. இதை நான் பள்ளிக்கூடத்துல டவுசர் பையிலயே வச்சிருந்தேன். தக்ளின்னு பேரு. காந்தி பேரைச் சொல்லி எங்களுக்கு நூற்பு பீரியடு உண்டு. ஒரு கையில பஞ்சு, இன்னொரு கையால தக்ளியை ஒரு சுண்டு சுண்டினா அது சுழண்டுகினே கீழ இறங்கும், நூல் மேல நீளும். நூல் அறுந்தா வாத்தியார் முட்டியில ஒண்ணு வைப்பாரு. உங்களுக்கு அந்தப் பீரியடு இல்லாமப் போச்சு, அதான் இப்ப டாலர்ல ஃபீஸ் கட்டுறீங்க.

நியாயத்துக்கு ஒண்ணு சொல்லணும். தக்ளியில கொக்கி ஒத்தை. வளையத்தோட ரெண்டு காலும் கீழ வந்து ஒரே இடத்துல சேந்துக்கும், முடி வைக்க இடம் விடாது. நீ வாங்கின சாமான்ல ரெண்டு கவட்டை இருக்குது பாரு, அது காலை விரிச்சுப் புடிக்கும். கனத்தை இழுத்தா தானா மூடிக்கும். அந்தக் கவட்டைக்குத்தான் நீ காசு குடுத்திருக்க. பழைய குடைக்கம்பி ரெண்டு துண்டை வளைச்சு, அடியில ஒரு கனமான நட்டை மாட்டினாலும் அதே வேலை நடக்கும். இல்லேன்னா இடது கை நடுவிரலை வளையத்துக்குள்ள விட்டு விரிச்சுக்க. விரலுக்கு டெலிவரி சார்ஜ் கிடையாது.

வெள்ளக்காரன் மட்டும் பொறக்கும்போதே ட்விஸ்டரோட பொறந்தானா? அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஜேம்ஸ் லைசன்ரிங்னு ஒருத்தரு, பூச்சி கட்டுறதுல பெரிய கை. 1941ல புஸ்தகமே போட்டாரு. அவரு ரெண்டு பட்டு இழைக்கு நடுவுல முடியை வச்சு, கால்சட்டைத் துணி மேல தொடையில உருட்டித்தான் திரிச்சாரு. அப்பால அவரோட சிநேகிதரு டிக் கிளார்க்குன்னு ஒருத்தரு, பாவம் மனுசன் தொடை தேயுதேன்னு நெனச்சாரோ என்னவோ, அந்த வேலைக்கு ஒரு மரக்கட்டை செஞ்சாரு. உன் பாட்டி ஒவ்வொரு கார்த்திகைக்கும் தொடையிலதான் திரி உருட்டுறா. அவளைப் பத்தி எவன் புஸ்தகம் போட்டான்?

சரி, நேத்து நீ எங்க கோட்டை விட்டேன்னு சொல்றேன். வளையத்தைக் கட்டின இடத்துல ரெண்டு காலுக்கும் நடுவுல சந்து விட்டுட்ட. மேல சந்து இருந்தா முறுக்கு முள்ளு வரைக்கும் ஏறாது, அந்த இடத்துல முடி பொலபொலன்னு கொட்டும். வளையத்தைக் கட்டினதும் பாபின் நூலால ரெண்டு காலோட கழுத்தையும் சேத்து ஒரு சுத்து சுத்தி நெருக்கணும். அது முடிஞ்சதும் பாபின் நூலை முள்ளோட காது பக்கம் கொண்டுபோய் விட்டுடணும். நீ அதைப் பின்னாலயே தொங்கவிட்டுட்டு, கயிறைச் சுத்தி முன்னால வந்த பிற்பாடு கட்ட நூலைத் தேடின. நூல் எங்க இருக்கும்? நீ விட்ட எடத்துலதான், உன் முடிக்கு அடியில.

இதெல்லாம் சில்லறைத் தப்பு, ரெண்டு நாள்ல தானா போயிடும். பெரிய தப்பு முடிதான். எத்தினி முடிடா வைப்ப! கல்யாணச் சாப்பாடா, அள்ளி அள்ளி வைக்க? அந்த நூல் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நெருங்கிக் கட்டிப் புடிச்சாத்தான் நடுவுல இருக்கிறது நிக்கும். நீ கத்தை கத்தையா திணிச்சா நூலுக்கு நூலு எட்டாது. எட்டலேன்னா பிடி ஏது? மேலாக்க இருக்கிற முடியை மட்டும் லேசா கவ்வும், உள்ள இருக்கிறது சும்மா ஒக்காந்திருக்கும், முறுக்கும்போது பறக்கும். பக்கத்து வீட்டு வத்தலுக்கு அதான் போச்சு.

இன்னொண்ணு. பூச்சி தண்ணிக்குள்ள போனா அந்த முடி ஒவ்வொண்ணும் ஆடணும். ஆடினாத்தான் உசுரு இருக்குன்னு மீன் நெனைக்கும். நடுவுல வெளிச்சம் ஊடுருவணும், ரெண்டு காத்துக்குமிழி சிக்கிகினு மினுங்கணும். அமுக்கி வச்ச முடி ஆடாது, தண்ணியைக் குடிச்சு ஊறிக் கனத்துப்போயி வீசுறதுக்கும் வராது. நூலுக்குப் பின்னால இருக்கிற உன் கைரேகை தெரியுற அளவுக்குத்தான் முடி இருக்கணும். "ஐயய்யோ, இது பத்தாதே"ன்னு உனக்குத் தோணும் பாரு, அதுல பாதியை எடுத்துப் போடு. மீதி இருக்கிறதுதான் அளவு. இதை நீ நம்ப மாட்ட. வீடியோவுல தாடி வச்சவன் சொன்னா நம்புவ.

முடியை எப்படிப் புடிக்கிறதுன்னு ஒண்ணு இருக்குது. ஒரு வாக்குல இருக்கிற முரட்டு முடியை விரலாலயே வைக்கப் போனா குளறுபடிதான் ஆவும். ஆபீசுல பேப்பர் கட்டுக்குப் போடுற கறுப்பு கிளிப்பு இருக்குதே, அதால முடியோட நுனிப்பக்கத்தைக் கவ்விப் புடி, அடிப்பக்கத்தைக் கத்தரியால ஒரே நேரா வெட்டு, கிளிப்போட தூக்கி வெட்டின ஓரத்தை வளையத்துக்குள்ள நுழைச்சு, கால் ரெண்டையும் மூடிட்டு, கிளிப்பை விடு. ஒழுங்கா வரிசையா நிக்கும். சுவிட்சர்லாந்துல மார்க் பெட்டிஜான்னு ஒருத்தர் இதுக்குன்னே கண்ணாடி மாதிரி தெளிவா ஒரு கிளிப்பு பண்ணி, அதுக்கு மாயக்கருவின்னு பேர் வச்சு விக்கிறாரு. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா உன் ஆபீசுல அந்த மாயம் ஸ்டேஷனரி அலமாரியில டஜன் கணக்குல கெடக்குது.

அப்பால முறுக்கு. ஒரே பக்கமா முறுக்கு. பாதியில சந்தேகம் வந்து எதிர்ப்பக்கம் திருப்பினா அத்தனையும் அவுந்துடும். முறுக்க முறுக்கக் கயிறு குட்டையாவும், அதுக்குப் பயந்துடாதே. எப்ப நிறுத்தணும்னா, கனத்தை லேசா தூக்கிப் புடிச்சா கயிறு தானா சுருண்டுக்கப் பாக்கும், அங்க நிறுத்து. அதுக்கு மேல ஆசைப்பட்டா பட்டுன்னு அறும், முள்ளு மூஞ்சியில தெறிக்கும். நீ மெல்லிசு நூலை வேற போட்டிருக்க. நுணுக்கமான நூல் சின்ன முள்ளுக்கு அழகு. வளையத்துக்குக் கொஞ்சம் தடிப்பானதா போடு, இல்லேன்னா காஞ்சிபுரம் போய்ப் பட்டு நூல் வாங்கிக்க. ரொம்பச் சின்ன முள்ளா இருந்தா வளையமே போடாம, நூலையே எதிர்ப்பக்கம் சுழட்டி முறுக்கை அவுத்து, தட்டையா ஆனதும் ஊசியால ரெண்டா பிளந்து, நடுவுல முடியை வைக்கிறவங்களும் இருக்காங்க. அது உனக்கு இப்ப வேணாம். முதல்ல நடக்கக் கத்துக்க.

கயிறைத் தண்டு மேல சுத்தும்போது, ஒவ்வொரு சுத்துக்கும் முடியைப் பின்பக்கமா நீவி விடணும். நீவலேன்னா அடுத்த சுத்து அந்த முடியையே அமுக்கிடும், அத்தினி பாடுபட்டு நிக்க வச்சதை நீயே படுக்க வச்சதா ஆவும். சுத்தும்போது முறுக்கு தளர்ந்தா கனத்தை இன்னும் ரெண்டு சுண்டு சுண்டிக்க. காது பக்கம் கொஞ்சம் எடம் விட்டு நிறுத்து. நீ காது வரைக்கும் அடைச்சுட்டு, அப்பால தூண்டி நரம்பை எந்த ஓட்டையில நுழைக்கிறதுன்னு முழிச்சுகினு நின்னியே, நான் சிரிச்சுடக் கூடாதுன்னு கீழ இறங்கி வந்துட்டேன்.

மெழுகுக்கும் ஒரு டப்பா வாங்கியிருக்க போல. லிப்ஸ்டிக் கணக்கா திருகினா மேல வருதுன்னு உன் பாட்டி ஒதட்டுல பூசிப் பாத்துட்டா, கேக்காதே. தேன்மெழுகை உருக்கி, கொஞ்சம் குங்கிலியம் பொடிச்சுப் போட்டு, துளி விளக்கெண்ணெய் விட்டு ஆறவை. அதான் அவங்க டப்பாவுலயும் பெரும்பாலும் இருக்கிறது. குங்கிலியம் ஒட்டும், விளக்கெண்ணெய் இளக வைக்கும். நம்ம ஊர் வெயில்ல எண்ணெயைக் குறைச்சுக்க, இல்லேன்னா சித்திரையில மெழுகு தானா நடந்து வெளிய போயிடும். நூல்ல ஒரு காலுக்கு மட்டும் லேசா தடவினா போதும், முடி வச்ச எடத்துல நிக்கும்.

முடிக்கு வருவோம். அந்தப் பொட்டலத்துல சீமை முயல் காது முடின்னு எழுதியிருக்குது. இங்கிலாந்துக்காரனுக்கு முயல் காது முடியும் தங்கக் கம்பியும் போட்ட பூச்சி இல்லாம பொழுதே விடியாது. அதைப் படிச்சுட்டு நம்ம மண்ணிவாக்கம் பக்கத்துப் புதர்ல ஓடுற முயலை ஒரு மாதிரியா பாக்காதே. காட்டு முயல், கீரி ரெண்டுமே சட்டத்துல காப்பு உள்ள ஜீவன். கீரி முடியில பிரஷ் பண்ணி வித்தவன் எல்லாம் கோர்ட்டு வாசல்ல நிக்கிறான். மயிலிறகு கதை வேற: மயில் தானா உதுத்தது நம்ம நாட்டுக்குள்ள வச்சுக்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உன் சிநேகிதன் கனடாவுல கேட்டான்னு கவர்ல போட்டு அனுப்பிடாதே, கஸ்டம்ஸ்காரன் உன் பூச்சியை விட நல்லா புடிப்பான். காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகுல மெழுகு வச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும் பாரு, அதுக்காக வெள்ளக்காரன் நம்ம தெக்கத்திக் காட்டையே தொடச்சான். இறகு வியாபாரம் தாங்க முடியாம 1902ல வெள்ளக்கார சர்க்காரே பறவை இறகு ஏத்துமதிக்குத் தடை போட வேண்டியதாச்சுன்னா பாத்துக்க, அவன் வித்தையைப் பத்தி அவனுக்கே பயம்.

இதெல்லாம் வேண்டாமே. நம்ம தெருக்கோடி அப்பார்ட்மெண்டுல ரெண்டாவது மாடியில ஒரு நாய் இருக்குதே, குளிர் தேசத்து நாயைக் கொண்டாந்து தாம்பரத்து வெயில்ல வச்சிருக்காங்க, பாவம், பங்குனி பொறந்தா சோபா முழுக்க முடி கொட்டும். சீப்பால வாரினா உள்முடி பஞ்சு கணக்கா வரும், மேல்முடி நீளமா முரடா வரும். ரெண்டையும் கலந்தா அதை விட நல்ல சரக்கு எந்தக் கடையிலயும் கெடைக்காது: உள்முடி நூலைப் புடிச்சுக்கும், மேல்முடி கால் கையா துருத்தும். தங்கக் கம்பிக்கு ஜரிகை இருக்கவே இருக்குது. உன் பாட்டியோட கிழிஞ்ச முகூர்த்தப் புடவை பெட்டியில கெடக்குது, அசல் ஜரிகை. பட்டு இழை மேல வெள்ளித் தகடு சுத்தி தங்கம் பூசினது. கேட்டுப் பாரு. கேக்கும்போது வாசல் பக்கமா நின்னு கேளு.

மயிலிறகு இழை இருந்தா ஒரு ரகசியம் சொல்றேன். பச்சையும் தாமிரமும் மினுங்குற அந்த இழை மீனுக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா ஒரு கடி கடிச்சா அறுந்துடும். அதை வெறுமனே சுத்தாதே. வளையத்துக்குள்ள விட்டு நூலோட சேத்து முறுக்கிச் சுத்து. நூல் காவலுக்கு நிக்கும். பூச்சியை அடியில இறக்கணும்னா நூலுக்குப் பதிலா மெல்லிசான தாமிரக் கம்பியிலயே வளையம் போடு. தாம்பரம் மார்க்கெட் பக்கத்துல மோட்டார் வைண்டிங் கடையில எரிஞ்சுபோன காயிலைப் பிரிச்சுக் குவிச்சிருப்பான். ஒரு டீ வாங்கிக் குடுத்தா ஒரு வருசத்துக்கு வேண்டியதைத் தருவான். நீ சாமான் வாங்குற வெப்சைட்டுல அதையே பத்தடி சுருளா வச்சு விக்கிறான்.

இப்ப முக்கியமான சங்கதி. இத்தினி பாடுபட்டுக் கட்டி, எந்தத் தண்ணியில போடப் போற?

நீலகிரின்னா சரி. ஃப்ரான்சிஸ் டேன்னு மெட்ராஸ் ராணுவத்து டாக்டர் ஒருத்தர் 1863லயே சீமை ட்ரவுட் மீனை மலைக்குக் கொண்டாரப் பாத்தாரு, ஒண்ணும் நிக்கல. வில்சன்னு ஒருத்தர் வந்து 1907ல அவலாஞ்சியில பொரிப்பகம் வச்ச பிற்பாடுதான் அது ஊன்றிச்சு. அங்க ஓடுற தண்ணி, குளிர்ந்த தண்ணி, நீ கட்டுற பூச்சிக்குன்னே பொறந்த மீன். எச்.எஸ். தாமஸ்னு மெட்ராஸ் மாகாணத்துல கலெக்டரா இருந்தவரு 1873ல இந்தியாவுல தூண்டி போடுறதைப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டாரு. அது பத்தாதுன்னு 1887ல ஏரி குளத்துல மீன் புடிக்கிறதுக்குன்னே தனியா இன்னொண்ணும் எழுதினாரு. அந்த மனுசனுக்கு நம்ம ஏரிங்க மேல இருந்த மரியாதை நமக்கு இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

நம்ம பக்கம் தண்ணி இருக்குதா? இருக்குது. சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர்னு வரிசையா ஏரி பேருக்கு இருக்குது. சிலதுல ஆகாயத்தாமரை மேல நீ நடந்தே போயிடலாம், முள்ளு தண்ணியைத் தொடாது. சிட்லபாக்கத்துல 2019 கோடையில சனங்களே மம்புட்டியோட எறங்கித் தூர் வாரினாங்க, அது கொஞ்சம் கண்ணு தெறந்து பாக்குது. பள்ளிக்கரணைப் பக்கம் கழியைத் தூக்கிகினு போயிடாதே, அது வனத்துறை எடம். 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்லயும் ஏறிடுச்சு, குப்பை கொட்டினவனை விட்டுட்டு உன்னைத்தான் புடிப்பாங்க. ஏரின்னா மீன்குத்தகைக்காரன் ஒருத்தன் இருப்பான், அவனைக் கேட்டுகினு போடு. 2015 டிசம்பர்ல நீ இங்க இருந்தியா? அடையாறு ஏறி வந்து முடிச்சூர், வரதராஜபுரம் முழுக்கப் படகு ஓடிச்சு. அப்ப மீன் தானா படிக்கட்டு ஏறி வீட்டுக்குள்ள வந்துச்சு. ஒரு பூச்சியும் கட்டல, ஒரு வளையமும் போடல.

எந்த ஏரிக்குப் போனாலும், அந்தத் தண்ணியில மீன் இன்னா திங்குதுன்னு பாத்துத்தான் நீ கட்டணும். சாக்கடை கலந்த ஏரியில அடிச்சேத்துல ரத்தச் செவப்பா ஒரு புழு நெளியும். கொசு ஜாடையில கடிக்காத ஒரு ஈயோட குஞ்சு அது. மூச்சுக்காத்து கொறைஞ்ச தண்ணியிலயும் பொழைக்கணும்னு ஒடம்புல நம்ம ரத்தத்துல இருக்கிற அதே செவப்புச் சத்தை வச்சிருக்குது. வேற எந்தப் பூச்சி செத்தாலும் அது சாவாது. ஜிலேபிக் கெண்டை அதை விரும்பித் திங்கும். 1952ல வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து விட்ட மீனு, இப்ப நம்மளை விட இந்த ஊர்க்காரன். தாம்பரத்துக்கு ஏத்த பூச்சி அதான் பேராண்டி. அதைக் கட்ட இன்னா வேணும் தெரியுமா? சின்ன முள்ளுல செவப்பு நூலை மெல்லிசா சுத்தினா போதும். முடி வேணாம், மெழுகு வேணாம், வளையம் வேணாம், அந்தப் பெட்டியே வேணாம். உங்கிட்ட இதை மொத நாளே சொல்லியிருப்பேன், ஆனா பெட்டி வந்த சந்தோசத்தைக் கெடுக்க மனசு வரல.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. வளையத்துக்கும் வேலை இருக்குது. ஏரிக்கரையில தட்டான் பறக்குதில்ல, அதோட குஞ்சு தண்ணிக்குள்ளதான் வளரும். தட்டையா, அகலமா, பச்சையும் பழுப்புமா பாசி புடிச்ச நெறத்துல இருக்கும். நீளத் தண்டு முள்ளு எடு, அடியில வைண்டிங் கம்பி நாலு சுத்து போட்டுக் கனம் ஏத்து, நாய் முடியைப் பச்சைச் சாயத்துல முக்கிக் காய வச்சு வளையம் போட்டுச் சுத்து. மேலயும் கீழயும் கத்தரியால ஒட்ட வெட்டிடு, பக்கவாட்டுல மட்டும் முடி நிக்கட்டும், பழைய பல்விளக்குற பிரஷ்ஷால கொஞ்சம் கெளறி விடு. தண்ணிக்குள்ள இழுக்கும்போது ஒரே சீரா இழுக்காதே. அந்தக் குஞ்சு பின்பக்கமா தண்ணியைப் பீச்சித்தான் முன்னால பாயும். பாயும், நிக்கும், பாயும், நிக்கும். அப்படி இழு. விரால் ஒண்ணு பாத்துச்சுன்னா வைக்கிற அடியில கழி கையில நிக்காது. ஆனா விரால் செவப்பா பொடிக் குஞ்சுக் கூட்டத்தோட மேல வந்துச்சுன்னா, அப்பனும் ஆத்தாளும் காவல் இருக்குதுன்னு அர்த்தம். அதைப் போய்ச் சீண்டிப் புடிக்கிறவன் எங்கிட்ட பேச வேணாம்.

முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்துக்குப் போனா கொடுவா இருக்குது, அதுக்கு எறால் கட்டு. எறாலு பயந்தா பின்பக்கமாத்தான் துள்ளும், அதனால கண்ணையும் மீசையையும் முள்ளோட வளைவுப் பக்கம் வச்சுக் கட்டணும். இது தெரியாம காது பக்கம் கண்ணு வச்சுட்டு, எறாலு ஏன் தலைகீழா ஓடுதுன்னு கொடுவா யோசிக்கும்படி பண்ணாதே. அடிப்பக்கம் தொங்குற காலுக்கு வளையம்தான் சரி, வேற எதுவும் அந்த அசைவைத் தராது. உப்புத் தண்ணி, வந்ததும் நல்ல தண்ணியில கழுவி வை.

வீசுறது பெரும்பாடு. உன் கழியில கனம் பூச்சியில இல்ல, அந்தத் தடிச்ச தூண்டி நூல்லதான் இருக்குது. அதை முன்னால எறியணும்னா முதல்ல பின்னால அத்தினி நீளத்துக்கு விரிய விடணும். பீர்க்கன்கரணைக் கரையில உனக்குப் பின்னால சீமைக் கருவேலம், அதுக்குப் பின்னால கரண்ட்டுக் கம்பி, அதுக்கும் பின்னால காயப்போட்ட புடவை. கருவேல முள்ளுலயே பாதிப் பூச்சி போயிடும், அதனால ஒரே மாதிரி அரை டஜன் கட்டி வச்சுகினு போ. முடி நெறைய வேணும். நாய் வீட்டம்மாகிட்ட நீ ஒண்டியா போய்க் கேக்காதே. பாட்டியைக் கூட்டிகினு போ. வயசுப் புள்ள நின்னு "ஆண்ட்டி, உங்க நாயோட முடி கெடைக்குமா"ன்னு கேட்டா செக்யூரிட்டி எனக்குத்தான் போன் அடிப்பான்.